கவுன்சிலர் தின்ற ஈசல்

மேகலா, என் பயத்தையெல்லாம் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவளே,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இத்தனை நாளாக உனக்கு எதுவும் எழுதவில்லை. தினமும் மனசுக்குள் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், தனியாக உட்கார்ந்து எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதியே ஆக வேண்டியதாகிவிட்டது. உன் கவுன்சிலருக்கு ஒரு பெரிய கண்டம் வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் போல் கூண்டு வைத்துப் பச்சோந்தி வளர்க்கிறவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் உன் அண்ணனைப் போல ஒரு நல்ல மனுஷர் இருப்பார். அந்த நல்ல மனுஷரை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

நீ அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நாத்தனார் ஏதோ புடவை வாங்கி வருகிறாள் என்று நான் வாசலுக்கு ஓடி வந்தேன். திறந்தால் உள்ளே பச்சையாக ஒன்று, இரண்டு கண்ணையும் இரண்டு திசையில் உருட்டிக்கொண்டு. நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர்கள் பாம்பு என்று தடியோடு வந்துவிட்டார்கள்.

"கடிக்காது அண்ணி. இவரு கவுன்சிலரு. நேரத்துக்கு ஏத்த மாதிரி கலர் மாத்துவாரு, வேற ஒண்ணும் செய்யமாட்டாரு" என்றாய். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான். நம் மலையடிவாரத்து வேலியில் திரிகிற பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கக் கூடாது, சட்டப்படி தப்பு, இது ஏமன் நாட்டு ஜாதி, கூண்டிலேயே பொரித்தது, காகிதமெல்லாம் இருக்கிறது என்று எனக்கு வகுப்பு எடுத்தாய். எனக்குக் காகிதமா பிரச்சினை? பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கம் பார்க்கிறவள் நான். அதைக் கூடத்திலேயே குடியேற்றினாய்.

நீ இருந்தவரை ஒரு நாளும் நான் அதைத் தொட்டதில்லை. நீ போன பிறகு தொடாமல் முடியுமா? அதன் தீனிக்கென்று நீ செவுத்துக்கோழிப் பூச்சி வளர்த்த டப்பாக்கள் இரண்டும் என் பொறுப்புக்கு வந்தன. அந்தப் பூச்சிகளுக்கு கேரட் நறுக்கிப் போட்டேன், முட்டை அட்டை மாற்றினேன், சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி இடுக்கியால் எடுத்து நீட்டினேன். சட்டென்று அந்த நாக்கு வந்து வாங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு முறை தூக்கிப் போடும். இப்பவும் போடுகிறது.

உன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேசுவதே கம்மியாகிவிட்டது. ஸ்கூல் வேனை எடுக்கிறார், பிள்ளைகளை இறக்குகிறார், வருகிறார். உன் படத்துக்கு முன்னால் ஒரு காமாட்சி விளக்கு வைத்திருக்கிறோம். அதற்கு எண்ணெய் ஊற்றுவது அவர் வேலை, என்னை விடமாட்டார். ராத்திரி எழுந்து திரி பார்க்கிறார். ராப்பகலாக எரிகிற அந்த விளக்கு நேற்று வரை அமர்ந்ததே இல்லை. ஆனால் உன் பெயரை மட்டும் அவர் வாயில் நான் கேட்கவில்லை. உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் "அந்தப் பொண்ணு" என்பார். அழவும் இல்லை, மேகலா. எரித்துவிட்டு வந்த அன்றும் அழவில்லை.

அவர் வாய் திறந்து பேசுவது கவுன்சிலரிடம் மட்டும்தான். காலையில் வேன் எடுக்கப் போகுமுன் கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து "இன்னா கவுன்சிலரே, வார்டு எப்டி கீது?" என்று கேட்பார். அது ஒரு கண்ணால் அவரையும் இன்னொரு கண்ணால் செம்பருத்தி இலையையும் பார்க்கும். அதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நிற்பேன். இந்தப் பிராணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷர் என்ன ஆவார்? இதுதான் வருஷம் முழுக்க என் வயிற்றில் இருந்த நெருப்பு.

போன மாசம் நாலைந்து நாள் விடாமல் மழை. எறும்பு எப்படித்தான் வழி கண்டுபிடித்ததோ, இரண்டு டப்பாவிலும் புகுந்துவிட்டது. ஒரு செவுத்துக்கோழி மிஞ்சவில்லை. பூச்சி விற்கிற சென்னைக் கடைக்காரரிடம் சொன்னேன், பார்சல் வர நாளாகும் என்றார். பெரிய பச்சோந்தி இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதை நான் சொன்னால் உன் அண்ணன் கேட்கிறாரா?

"அந்தப் பொண்ணு வச்சிட்டுப் போனதைப் பட்டினி போடறியா?" என்று கேட்டார். அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் அடி அண்ணாமலையில் நம் பங்காளி வீட்டு வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து ஒரு பாட்டில் நிறைய வெட்டுக்கிளியோடு வந்து நின்றார். மருந்து அடித்த கொல்லை, வேண்டவே வேண்டாம் என்று பிடுங்கி வெளியே விட்டேன். அடுத்த நாள் கிரிவலப் பாதையோரத்து எருக்கஞ்செடியிலிருந்து மஞ்சளும் நீலமுமாக ஒன்றைப் பிடித்து வந்தார். "பாரேன், எவ்ளோ அழகா கீது" என்றார். அதையும் விரட்டிவிட்டேன். எருக்கம்பாலைக் குடித்து வளர்கிற வெட்டுக்கிளி, அதன் உடம்பே விஷம் என்று நீ ஒரு பௌர்ணமிக்கு நடந்து போகும்போது காட்டினாயே. மின்மினியையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தாய். சில ஜாதி மின்மினி ஒன்றே ஒன்று உள்ளே போனால் போதும், பல்லி ஜாதி தாங்காது என்றாய்.

"மலை மேல இருக்கற பச்சோந்தியெல்லாம் கடையில வாங்கியா துன்னுது?" என்று கேட்டார் உன் அண்ணன்.

நீ இருந்தபோதும் இதையேதான் கேட்டார். "அதுங்களும் சாவுதுண்ணா, நாம பாக்கறதில்ல. வெளிய புடிச்ச பூச்சி எந்தச் செடியத் தின்னுட்டு வந்துச்சுன்னு அதுகிட்டயே போய் கேக்க முடியுமா?" என்றாய் நீ. ஒரு நாள் கவுன்சிலரின் கழிவைச் சின்னப் புட்டியில் எடுத்துப் போய் நீ வேலை பார்த்த லேபில் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, எப்பவோ ஒரு வெட்டுக்கிளி தின்றதற்கு வயிற்றில் புழு முட்டை இருக்கிறது என்று சொன்னாய். மருந்து கொடுத்துச் சரி செய்தாய். அதையெல்லாம் உன் அண்ணனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டது. ஈசல் கிளம்பியது.

இங்கேதான் நான் ஏமாந்தேன், மேகலா. வெட்டுக்கிளிக்குப் பயந்தேன், மின்மினிக்குப் பயந்தேன், ஈசலுக்குப் பயப்படவே இல்லை. எப்படிப் பயப்படுவேன்? அரிசியோடு போட்டு வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சின்ன வயசிலிருந்து தின்றது. மனுஷர் தின்கிறதை ஒரு பச்சோந்தி தின்றால் என்ன என்றுதான் தோன்றியது. நீயும் ஈசலைப் பற்றி எதுவும் சொல்லிவைக்கவில்லை.

அதோடு அது வந்த இடம். பக்கத்து மனையின் மூலையில் அந்தப் புற்று இருக்கிறதே, வெள்ளிக்கிழமை பால் ஊற்றி மஞ்சள் குங்குமம் வைத்துச் சுற்றி வருவோமே, அதிலிருந்துதான் புகைபோல் கிளம்பி நம் வாசல் பல்புக்கு வந்தது. "புத்துல இருந்து வர்றது, சுத்தமானது" என்று உன் அண்ணன் பல்புக்குக் கீழே பெரிய பேசினில் தண்ணீர் வைத்தார். நானும்தான் முறம் எடுத்துக் கொடுத்தேன். உயிரோடு இருந்ததில் கொஞ்சம் கவுன்சிலருக்கு என்று டப்பாவில் எடுத்துவைத்தார். மீதியை மறுநாள் மொட்டை மாடியில் காயப் போட்டோம், சாயங்காலம் வறுக்கலாம் என்று. வறுத்ததும் எதிர் வீட்டுக்கும் பாதி கொடுக்கச் சொன்னார்.

காலையில் கவுன்சிலருக்கு அவரே ஊட்டினார். ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட அது நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டே இருந்தது. உன் அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் ஒரு முறம் ஈசல் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

அவர் வேன் எடுக்கப் போனார், நான் கலெக்டர் ஆபீஸ் எதிரே நம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கூண்டைப் பார்த்தேன். கவுன்சிலர் மேல் கிளையில் இல்லை. அடிக்கிளையில் இருந்தார். உடம்பு பச்சையே இல்லாமல் கறுத்துப் போயிருந்தது. இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

"பகல்ல கண்ண மூடிட்டு இருந்தாருன்னா தூங்கறாருன்னு நினைச்சிடாதீங்க அண்ணி. அது ஒண்ணுக்கு மட்டும் நீங்க தாராளமா பயப்படலாம்." இது நீ சொன்னது. உன் குரலிலேயே காதில் கேட்டது. உன் அண்ணனுக்கு போன் போட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை. "வாங்க, உடனே வாங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது.

அவர் வருவதற்குள் அதைப் பெட்டியில் வைக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? கூண்டுக்குள் கையை விட்டேன். கிளையிலிருந்து எடுக்கும்போது அந்தச் சின்னக் கால் என் விரலைக் கவ்விக்கொண்டது, மேகலா. பிடியில் பலமே இல்லை. உடம்பு விட்டு விட்டு நடுங்கியது. அண்ணாமலையாரே, இவளுடையது இது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது, இதையும் எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டே சொன்னேன்.

உன் அண்ணன் வந்ததும் மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் நல்ல பிள்ளை. "எனக்கு ஆடு மாடுன்னா சொல்லுவேன்மா. இதுக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு சென்னையில இருக்காரு, கேட்டுட்டுத்தான் கை வெப்பேன்" என்று சொல்லிவிட்டு, தன்னோடு படித்தவரை வீடியோவில் கூப்பிட்டார். அந்த டாக்டர் முதலில் கேட்டது என்ன தின்றது என்றுதான்.

"ஈசல்" என்றேன்.

"கடையில வாங்கினதா, வெளிய புடிச்சதா?"

"வெளியதாங்க. பக்கத்து மனைல புத்து இருக்கு, அதுல இருந்து வந்தது."

"அங்க ஏதாவது மருந்து அடிச்சாங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. பக்கத்து மனைக்காரர் வீட்டு பிளானை ஜெராக்ஸ் எடுக்க நம் கடைக்கு வந்தபோது சொல்லிக்கொண்டிருந்தார். மிஷின் ஓடுகிற சத்தத்தில் அரைக் காதாகத்தான் கேட்டேன். "புத்துல கை வெக்கலம்மா. இடிச்சா குடும்பத்துக்கு ஆவாது. அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து ஊத்தும்போது அதைச் சுத்தியும் ஊத்தச் சொல்லிட்டேன். ஜாஸ்தியாவே ஊத்திட்டாங்க." சாமி என்பதால் புற்றை இடிக்கவில்லை. கரையான் என்பதால் மருந்தை ஊற்றிவிட்டார். நானும் இரண்டு வெள்ளிக்கிழமை அந்த மருந்துக்கு மேலேயே பால் ஊற்றியிருக்கிறேன்.

அதை டாக்டர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். மருந்தாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் சென்னை டாக்டர். தோலுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் ஏற்றச் சொன்னார். வாயைப் பிளந்து எதையும் ஊட்டாதீர்கள், நிழலில் அமைதியாக வையுங்கள் என்றார். நம் ஊர் டாக்டர் மிகச் சின்ன ஊசி ஒன்றைத் தேடி எடுத்தார்.

உன் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. கவுன்சிலரை நினைத்துத்தான் என்று நினைத்தேன். கிட்டே போனதும் மெதுவாகச் சொன்னார்: "சுமதி, காலையில ரெண்டு கை வறுத்துத் துன்னுட்டுதான் வேன் எடுத்தேன்."

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது. நீ டெங்குக் காய்ச்சலோடு படுத்தபோது, லேப் ரிப்போர்ட்டை நீயே வாங்கிப் படித்துவிட்டு "பிளேட்லெட் கொஞ்சம் கம்மியாதான் இருக்கு அண்ணி, ஏறிடும்" என்று சிரித்தாயே. எல்லாம் நேரத்துக்குச் செய்தோம், நல்ல டாக்டர், நல்ல மருந்து, ஒரு குறையும் இல்லை. அப்படியும் போய்விட்டாய். எந்தக் கொசு, எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று நாங்கள் யாரிடம் போய்க் கேட்போம்? அன்றிலிருந்து சரியாகச் செய்தால் காப்பாற்றிவிடலாம் என்ற தைரியம் எனக்குப் போய்விட்டது.

அங்கிருந்து உன் அண்ணனை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நீ கடைசியாக நடந்து உள்ளே போன அதே வாசல். உன் அண்ணன் இறங்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல. எனக்கு ஒண்ணும் இல்ல. வூட்டுக்குப் போயிடலாம் சுமதி."

"எனக்கு பயமா இருக்குங்க" என்றேன். "உங்களுக்காக வேணாம். எனக்காக வாங்க."

கவுன்சிலர் பெட்டி ஒரு கையில், உன் அண்ணன் மணிக்கட்டு ஒரு கையில். அப்படித்தான் உள்ளே போனேன். பார்த்திருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய். ஊசி போடுகிறதைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள், ஆஸ்பத்திரிக்குள் ஒரு ஆம்பிளையை இழுத்துக்கொண்டு போனேன். மருந்தின் பெயர் தெரிய வேண்டும், டப்பா இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். பக்கத்து மனைக்காரர் பாவம், போனில் கேட்டதும் காலி டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு தானே வந்துவிட்டார். உன் அண்ணனைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதுதான் மாடியில் காய்கிற முறம் ஞாபகம் வந்தது. பக்கத்து மனைக்காரரை அங்கே உட்காரவைத்துவிட்டு, கவுன்சிலர் பெட்டியோடு வீட்டுக்கு ஓடினேன். மாடிப்படி ஏறினால், முறத்தின் விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. உனக்கென்று தினமும் நான் சோறு வைக்கிற அதே சுவருக்குப் பக்கத்தில். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் காகத்தை யாரும் விரட்டியதில்லை. அன்று செருப்பைக் கழற்றி வீசினேன், மேகலா. நீயே வந்திருந்தாலும் வீசியிருப்பேன். அது பறந்து போய் எதிர் மாடியில் உட்கார்ந்து என்னைத் திட்டித் தீர்த்தது. தின்றுவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஈசலை எல்லாம் வாரி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன்.

புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கவுன்சிலர் முதலில் தின்றதால் அல்லவா தெரிந்தது? அது கண்ணை மூடாமல் இருந்திருந்தால், சாயங்காலம் நான் என் கையால் முறம் முழுக்க வறுத்திருப்பேன். எதிர் வீட்டுக் குழந்தைகளுக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்திருப்பேன். இப்போதும் அதை நினைத்தால் அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாமல் போய்விடுகிறது.

உன் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. அவர் தின்றது கொஞ்சம்தான், என்னென்ன வந்தால் திரும்ப வர வேண்டும் என்று சொல்லி மறுநாள் அனுப்பிவிட்டார்கள். நான்தான் அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். ஒரு தடவை விழித்துக்கொண்டு "கவுன்சிலரைப் போய் பாரு, என்னை விடு" என்றார்.

கவுன்சிலருக்குத்தான் இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு காலையும் கூண்டுக்கு மேல் போட்ட துணியை விலக்கும்போது கண்ணை நான் மூடிக்கொள்வேன். இலையில் தண்ணீர் சொட்டவிட்டு, நாக்கில் படுகிறதா என்று பார்ப்பேன். உன் அண்ணன் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார். வார்டு எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டார். என்னிடமும் பேச்சில்லை. இது செத்துவிட்டால் நான்தான் கொன்றேன் என்று இவர் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டே இருப்பார், அந்த நினைப்பு இவரையும் கொண்டுபோய்விடும் என்று நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் துணியை விலக்கினபோது இடது கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தது. நான் "ஏங்க" என்று போட்ட சத்தத்தில் அவர் பல் தேய்த்த வாயோடு ஓடி வந்தார். வலது கண் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. அந்தப் பக்கம் பூச்சி காட்டினால் குறி தவறுகிறது. பார்சலில் வந்த செவுத்துக்கோழியை இப்போது இடது பக்கமாக, கிட்டே கொண்டுபோய்ப் பிடிக்கிறோம். டப்பாக்களைத் தண்ணீர்த் தட்டில் வைத்திருக்கிறேன், இனி எறும்பு வராது. டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும் என்கிறார். அந்தக் கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள்?

புற்றுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினேன், நம் கடையிலேயே டைப் அடித்து: "மருந்து ஊற்றிய இடம். இங்கே ஈசல் பிடித்துத் தின்ன வேண்டாம்." மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தத் தாளுக்கும் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நேற்று சாயங்காலம் மறுபடியும் மழை பெய்து ஓய்ந்தது. விளக்கு வைக்கிற நேரம். சாமி விளக்கை அப்போதுதான் ஏற்றியிருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் படபடவென்று ஏதோ அடித்தது. பார்த்தால் ஈசல். கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் நுழைந்து கூடத்துக்கே வந்துவிட்டது. கவுன்சிலர் கூண்டு வலையில் இரண்டு ஒட்டிக்கொண்டு உள்ளே போக வழி தேடின. அவருடைய இடது கண் அவற்றின் மேலேயே இருந்தது.

உனக்குத் தெரியும், விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருட்டாக இருந்தால் என்னால் தாங்க முடியாது. அந்த நேரத்தில் கரண்ட் போனாலே நாலு பேருக்கு போன் போடுகிறவள். நேற்று நானே ஓடி ஓடி நிறுத்தினேன். வாசல் பல்பு, கூடத்து லைட், அடுப்படி, கூண்டு விளக்கு. சாமி விளக்கையும் குளிர வைத்தேன். "தீயை எப்படி அண்ணி குளிர வைப்பீங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சா?" என்று நீ என்னைக் கிண்டல் செய்வாயே, விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை என்று சொல் என்று நான் உன்னைத் திருத்தும்போதெல்லாம். அதுதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் ஒரே ஒரு வெளிச்சம் மிச்சம் இருந்தது. உன் படத்துக்கு முன்னால் இருக்கிற விளக்கு. வீட்டுக்குள் வந்த ஈசலெல்லாம் அதை நோக்கித் திரும்பியது. கூண்டு அதற்குப் பக்கத்தில்தான். நான் கிட்டே போனேன், கை வரவில்லை. அதை எப்படி நான் அமர்த்துவேன்? உன் அண்ணனைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவர் எழுந்து வந்தார். உன் படத்து மாலையிலிருந்து ஒரு சாமந்திப் பூவைக் கிள்ளினார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரி மேல் மெதுவாக வைத்து, விளக்கைக் குளிர வைத்தார்.

கூடம் முழுக்க இருட்டு. வெளியே ஈசல் அடிக்கிற சத்தம் மட்டும். அந்த இருட்டில் அவர் குரல் கேட்டது.

"மேகலா" என்றார். "கொஞ்ச நேரம் இருட்டுல இரும்மா. உன் கவுன்சிலருக்காகத்தான்."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார், மேகலா. வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்ததை எல்லாம் அழுதார். நான் தடவித் தடவிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. ஈசல் ஓய்கிறவரை இரண்டு பேரும் விளக்கில்லாமல் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவரே தீப்பெட்டி எடுத்து உன் விளக்கை ஏற்றினார். தரையில் உதிர்ந்த ஒவ்வொரு ஈசலையும் பொறுக்கி வெளியே போட்ட பிறகுதான் கூண்டுத் துணியை மூடினோம். இன்று காலை கவுன்சிலர் கண்ணைத் திறந்தார். நாளைக்கும் திறப்பாரா? உன்னிடம்தான் கேட்கிறேன்.

வெளியில் பிடித்த பூச்சி ஒன்றுகூட இனி அவர் வாய்க்குப் போகாது, இது என் சத்தியம். மழை விட்டு ஈசல் கிளம்புகிற சாயங்காலமெல்லாம் இந்த வீடு கொஞ்ச நேரம் இருட்டாக இருக்கும், உன் விளக்கும் சேர்த்துத்தான். நீ அதற்காகப் பயந்துவிடாதே. இந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பயப்பட நான் ஒருத்தி இருக்கிறேன்.

இன்னும் உன் கிண்டலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்
உன் அண்ணி,
சுமதி